கல்லூரியை நேரில் கண்டு வருதல்

பள்ளி இறுதித் தேர்வுகள் நெருங்கும் வேளையில், டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் மகனையோ மகளையோ எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதே அது. அதனோடு ஒட்டி மற்றொரு கேள்வியும் பிறக்கின்றது. விண்ணப்பம் செய்யுமுன் அக்கல்லூரிகளை ஒரு முறை நேரில் சென்று பார்த்து வருவது அவசியமா? அல்லது கையேட்டையும் பிறர் சொல்லையும் நம்பி விண்ணப்பித்துவிடலாமா?

கல்லூரி இருக்கும் ஊரிலேயே வாழ்பவருக்கு இது பெரிய வினா அன்று. ஒரு பிற்பகலில் பேருந்து ஏறிச் சென்று பார்த்துவிட்டு, விளக்கு வைக்குமுன் வீடு திரும்பிவிடலாம். வெளி மாநிலத்தில் வாழும் நம் நிலை வேறு. டில்லிக்கும் சென்னைக்கும் இடையே ரயில் வழியில் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழியும். கொல்கத்தாவிலிருந்து வருவோருக்கு ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். தந்தை, தாய், பிள்ளை என்று மூவர் சென்று வருவதாயின் பயணச் சீட்டு, தங்குமிடம், உணவு, அலுவலக விடுப்பு, பள்ளிக்கு மட்டம் என்று பல வகையிலும் செலவு ஏறும். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு இது சிறிய தொகை அன்று. ஆனால் மறுபுறம் நிற்பது ஓர் இளைஞருடைய மூன்று அல்லது நான்கு ஆண்டு வாழ்க்கை. தவறான இடத்தில் சேர்ந்து ஓராண்டை இழந்துவிட்டால், அந்த ஆண்டை எந்தப் பணமும் மீட்டுத் தராது. ஆகையால் இரு பக்கத்துத் தட்டிலும் என்ன இருக்கிறது என்பதை நிதானமாக நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எல்லாக் கல்லூரிகளையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது எவராலும் இயலாது. மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,473 கல்லூரிகளும் இருந்தன. இவற்றுள் நூற்றில் ஒரு பங்கையேனும் பார்க்க ஒரு குடும்பத்திற்கு ஆயுள் போதாது. எனவே, “கல்லூரிகளைப் பார்க்கலாமா, வேண்டாமா?” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. “எந்த ஓரிரண்டு கல்லூரிகளைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்பதே முறை.

எப்போது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். விண்ணப்பம் என்ற சொல்லின் பொருளே இக்காலத்தில் மாறிவிட்டது. முந்திய தலைமுறையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே விண்ணப்பத் தாள் வாங்கி நிரப்பி அனுப்பினார்கள். விண்ணப்பித்தோம் என்றால் அந்தக் கல்லூரியைத் தேர்ந்துவிட்டோம் என்று ஏறக்குறைய பொருள். இன்றோ பல இடங்களுக்குப் பொது வழி ஒன்றே உள்ளது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகின்றது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் இடங்கள் 2015 முதல் கூட்டு ஒதுக்கீட்டு முறையில் வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளுக்கு 1997-இல் தொடங்கிய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நிகழ்கின்றது.

இந்த முறைகளில் விண்ணப்பம் என்பது வாயிற்படியில் கால் வைப்பது மட்டுமே. உண்மையான முடிவு, கல்லூரிகளையும் பாடங்களையும் விருப்ப வரிசைப்படி எழுதித் தரும் நாளில்தான் எடுக்கப்படுகின்றது. அந்த வரிசையை உறுதி செய்த பிறகு, எந்த இடம் கிடைக்கிறதோ அதை ஏற்பதா விடுவதா என்று சொல்லச் சில நாட்களே அவகாசம் உண்டு. டில்லியிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்று பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல அந்த நாட்கள் போதா. ஆகவே, “இடம் கிடைக்கட்டும், பிறகு போய்ப் பார்ப்போம்” என்று இருப்பது வெளியூர்க்காரராகிய நமக்குப் பொருந்தாது. விண்ணப்பிக்குமுன் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் விருப்ப வரிசையை எழுதுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கலைக் கல்லூரிகள் பலவும் தன்னாட்சிக் கல்லூரிகளும் இன்றும் தனித்தனியே விண்ணப்பம் பெறுவதுண்டு. அவற்றிற்கு விண்ணப்பக் கட்டணம் பயணச் செலவோடு ஒப்பிடக் குறைவே. ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, அவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் பார்ப்பதே சிக்கனமான வழி.

அடுத்து, எதைப் பார்ப்பது என்று தீர்மானிக்குமுன், அங்கே நம் பிள்ளைக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டா என்பதை ஆராய வேண்டும். இதில் வெளி மாநிலத் தமிழர் பலர் ஏமாற்றம் அடைவதுண்டு. திருச்சியிலுள்ள என்.ஐ.டி. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றி, 2003-இல் இன்றைய நிலையைப் பெற்றது. “நம் ஊர்க் கல்லூரி, நமக்கு முன்னுரிமை உண்டு” என்று டில்லித் தமிழர் எண்ணலாம். ஆனால் அங்கே பாதி இடங்கள் சொந்த மாநிலத்தாருக்கு என்று ஒதுக்கப்பட்டிருப்பினும், சொந்த மாநிலம் எது என்பது பன்னிரண்டாம் வகுப்பை எங்கே தேறினார் என்பதைக் கொண்டே முடிவாகின்றது. தாய்மொழியும் பூர்வீக ஊரும் அங்கே கணக்கில் வாரா. டில்லியில் படித்துத் தேறிய தமிழ்ப் பிள்ளை திருச்சியில் வெளி மாநிலத்தவரே. அதே பிள்ளை டில்லி அரசின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க்காரர். அங்கே 85 விழுக்காட்டு இடங்கள் டில்லியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கே உரியவை.

தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் முறை வேறு. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் கலந்துகொள்ளலாம். ஆனால் வருவாய்த் துறையினர் வழங்கும் பிறப்பிட, இருப்பிடச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அச்சான்றிதழைப் பெறுவதற்கு நாட்கள் ஆகும். கடைசி வாரத்தில் அலைந்தவர்கள் இதன் துன்பத்தை அறிவார்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை வரி விடாமல் படிப்பது முதற் கடமை. சேர இயலாத கல்லூரியைப் பார்க்க இரண்டாயிரம் கிலோமீட்டர் செல்வதைவிட, வீட்டில் இருந்து கையேட்டைப் படிப்பது மேல்.

இவ்வாறு வாய்ப்புள்ள கல்லூரிகளின் பட்டியல் ஒன்று அமைந்த பிறகு, காகிதங்கள் சொல்லக்கூடியவற்றைக் காகிதங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியல் காட்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அக்குழு வெளியிடுகின்றது. பொறியியல் கல்லூரியாயின் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி எந்தப் பாடத்திற்கு, எத்தனை இடங்களுக்கு என்று பார்க்க வேண்டும். 1994-இல் பெங்களூரில் அமைந்த தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு கல்லூரிகளுக்குத் தரம் வழங்குகின்றது. அத்தரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். ஆகவே எந்த ஆண்டில் பெற்ற தரம் என்று கவனிப்பது நன்று. 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையில் பங்கு பெறும் கல்லூரிகள் தாம் அளித்த விவரங்களையும் வெளியிடுகின்றன. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினர் என்ற எண்கள் அவற்றில் கிடைக்கும். வரிசையில் எத்தனையாவது இடம் என்பதைவிட இந்த எண்கள் நமக்கு அதிகம் பயன்படும்.

கலை, அறிவியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை, வெளி மாநிலத் தமிழர் மறவாது கேட்க வேண்டிய ஒரு விஷயம் மொழிப்பாடம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப் படிப்பின் முதற் பகுதி ஒரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். முதற் பகுதியில் தமிழ் எல்லா இடத்திலும் உண்டு. இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு போன்றவை சில கல்லூரிகளில் மட்டுமே உண்டு. வீட்டில் தமிழ் பேசியும், பள்ளியில் இந்தியையே படித்தும் வளர்ந்த பிள்ளை, கல்லூரித் தமிழ்ப் பாடத்தில் செய்யுளையும் இலக்கணத்தையும் எதிர்கொள்ள இயலாமல் தவிக்கும். அன்றியும், பள்ளியில் தமிழ் படிக்காதவர் அடிப்படைத் தமிழ் என்னும் தனிப் பாடத்தையும் பயில வேண்டியிருக்கும். இது பாரமல்ல, நம் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பே. ஆயினும் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் இல்லத்தில் நடந்ததைச் சொல்வது பொருத்தமாகும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகளை ஊரில் படிக்க வைக்க விரும்பினோம். நாங்கள் படித்த மண்ணில் அவளும் படிக்க வேண்டும் என்ற ஆசை. ஒரு கல்லூரியின் கையேட்டில் மொழிப்பாடமாக இந்தி உண்டு என்றும், விடுதி உண்டு என்றும், பெரிய நூலகம் உண்டு என்றும் அச்சிட்டிருந்தார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு மூவரும் சென்றோம். இந்தி வகுப்பு, சேருவோர் இல்லாமையால் பல ஆண்டுகளாக நடைபெறவில்லை என்பதை அலுவலக எழுத்தர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அதைத் தொலைபேசியில் கேட்டிருந்தாலும் அதே ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். இந்தப் பகுதிக்கு எங்கள் பயணம் வீண்.

ஆனால் நூலக விஷயம் அப்படியன்று. நூலகம் கையேட்டில் சொன்னபடியே பெரியதாக, நல்ல நூல்களுடன் இருந்தது. மாலை நான்கரை மணிக்கு அதன் கதவைப் பூட்டினார்கள். விடுதி மாணவியர் ஐந்து மணிக்குமேல் விடுதியை விட்டு வெளியே வருதல் கூடாது என்பது விதி. வகுப்புகள் முடிவது நான்கு மணிக்கு. அப்படியானால் அந்த நூல்கள் யாருக்காக? சொற்களை எடைபோடுவதையே அன்றாட அலுவலாகக் கொண்ட எங்களுக்கு, “உண்டு” என்ற சொல் யாருக்கு, எப்போது என்பதைச் சொல்லாது என்பது அன்றுதான் உறைத்தது. இதை எந்தக் கடிதமும் எங்களுக்குத் தெரிவித்திராது. ஏனெனில் அதைக் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியிராது.

இன்னொன்றும் நிகழ்ந்தது. வராந்தாவில் நின்ற மாணவியரிடம் எங்கள் மகள் தமிழில் ஏதோ கேட்டாள். அவளுடைய உச்சரிப்பைக் கேட்ட ஒரு பெண், அன்போடுதான், ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். திரும்பும் வழியில் எங்கள் மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இது உங்கள் ஊர் அப்பா, நான் இங்கே புதிதாகத்தான் வரவேண்டும்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நாங்கள் கல்லூரியைப் பார்க்க வந்ததாக எண்ணிக்கொண்டு, எங்கள் இளமைக்கால ஊரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்பது அப்போது புலப்பட்டது. அந்தக் கல்லூரியில் அவள் சேரவில்லை. ஆயினும் தமிழ்நாட்டை அவள் விட்டுவிடவும் இல்லை. நூலகம் எத்தனை மணிவரை, விடுதி விதி என்ன, எந்த மொழிப்பாடம் இவ்வாண்டு உண்மையில் நடைபெறுகின்றது என்ற மூன்று கேள்விகளை அவளே எழுதிக்கொண்டு, வேறு நான்கு கல்லூரிகளுக்குத் தொலைபேசியில் கேட்டாள். அவற்றுள் ஒன்றை, பார்க்காமலே தேர்ந்தெடுத்தாள். புதியவளாக வருவது தெரிந்தே வந்தமையால், முதல் சில மாதங்களின் தனிமை அவளை முறித்துவிடவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். ஒரு கல்லூரியை நேரில் காண்பதன் முதற்பயன் அந்தக் கல்லூரியைப் பற்றி அறிவது மட்டுமன்று. மற்றக் கல்லூரிகளிடம் எதைக் கேட்க வேண்டும் என்று கற்பதும் ஆகும். ஆதலின், முதற் பார்வையைத் தொலைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. நாம் வாழும் நகரத்திலேயே ஒரு கல்லூரிக்குப் பிள்ளையுடன் ஒரு நாள் சென்று பழகலாம். டில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்திற்கு மெட்ரோ ரயிலிலேயே செல்லலாம். அதன் கல்லூரிகள் பல அவ்வளாகத்திற்கு வெகு தொலைவில் நகரெங்கும் சிதறிக் கிடக்கின்றன என்பதையும் அப்போது அறிந்துகொள்ளலாம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடத்திட்டம். ஆனால் மாணவரின் நாள் எத்தனை வேறுபடுகிறது என்பது கண்கூடாகும்.

தமிழ்நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1840-இல் தோன்றிய மாநிலக் கல்லூரி சென்னைக் கடற்கரைக்கு எதிரே, நகரின் நடுவில் நிற்கின்றது. 1837-இல் வேர்கொண்ட சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் நகரை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. 365 ஏக்கர் மரச் சோலையின் நடுவே வகுப்பறைகளும் விடுதிகளும் அமைந்துள்ளன. இரண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவையே. இரண்டும் பெயர் பெற்றவையே. நகரத்தின் இரைச்சலில் உற்சாகம் கொள்ளும் பிள்ளைக்கு ஒன்று ஏற்கும். மர நிழலில் தனித்து நடக்க விரும்பும் பிள்ளைக்கு மற்றது ஏற்கும். எது சிறந்தது என்பதைத் தரவரிசை சொல்லலாம். எது ஏற்றது என்பதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

நேரில் காண்பதிலும் ஏமாற்றம் உண்டு என்பதை மறத்தலாகாது. கண் முதலில் காண்பது கட்டடத்தை. உயர்ந்த முகப்பும் பசும்புல் தரையும் நல்ல ஆசிரியருக்கு அத்தாட்சி ஆகா. வரவேற்பு அறையில் இனிமையாகப் பேசுவோர் வகுப்பு நடத்துவோர் அல்லர். விழா நாளில் பார்க்கும் கல்லூரி வேறு, திங்கட்கிழமை காலையில் பார்க்கும் கல்லூரி வேறு. ஆகவே செல்வோர் சிலவற்றைக் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். சேர விரும்பும் துறையின் அறிவிப்புப் பலகையைப் படிக்கலாம். பழைய தாள்கள் தொங்குகின்றனவா, இவ்வாரத்துச் செய்தி உள்ளதா என்பது பலவற்றைச் சொல்லும். ஆய்வுக்கூடத்துக் கருவிகள் கண்ணாடிப் பெட்டியில் உள்ளனவா, மாணவர் கையில் உள்ளனவா என்று பார்க்கலாம். விடுதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, உணவில் விருப்பம் உண்டா, நோயுற்றால் யார் அழைத்துச் செல்வர் என்று மாணவரிடமே கேட்கலாம். ரயில் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு வாடகை வண்டியில் செல்லாமல், நாளை நம் பிள்ளை செல்லப்போகும் பேருந்திலேயே செல்வது நன்று.

கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். பெற்றோர் கேட்டால் மாணவர் மரியாதைக்காக நல்லதையே சொல்வர். ஒத்த வயதினரிடம் உள்ளதைச் சொல்வர். கால்மணி நேரமேனும் பெற்றோர் விலகி நின்று பிள்ளையைத் தனியே விட்டுவிடுவது விவேகம்.

காலத்தைத் தேர்வதில் நம்மவர் பெரும்பாலோர் ஒரு தவறு செய்கிறோம். கோடை விடுமுறையில் குலதெய்வ வழிபாட்டிற்கும் கல்யாணத்திற்கும் ஊர் செல்லும்போது, கல்லூரியையும் பார்த்துவிடலாம் என்று எண்ணுகிறோம். ஆனால் மே மாதத்தில் கல்லூரிகளும் விடுமுறையில் இருக்கும். பூட்டிய வகுப்பறைகளையும் வெறிச்சோடிய வராந்தாவையும் பார்த்துத் திரும்புவோம். பொங்கலுக்குச் சென்றாலும் இதே கதை. நமக்கு ஏற்ற காலம் புரட்டாசி, ஐப்பசியில் வருகின்றது. வங்காளத்தில் துர்க்கா பூஜைக்கும், டில்லியில் தசராவுக்கும் பள்ளிகள் பல நாட்கள் மூடப்படும். தமிழ்நாட்டிலோ சரஸ்வதி பூஜை, விஜயதசமி ஆகிய நாட்கள் போகக் கல்லூரிகள் பெரும்பாலும் நடைபெறும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில், அல்லது அதற்கும் முன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே அந்த நாட்களில் சென்று வந்தால், இறுதித் தேர்வுக்கும் இடையூறு இராது. கல்லூரியையும் உயிரோட்டத்துடன் காணலாம். கல்லூரி முதல்வருக்கு முன்னதாக எழுதி அனுமதி பெற்றுச் செல்வது முறையும் மரியாதையும் ஆகும்.

செல்லவே இயலாதவர் என்ன செய்வது? அவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஊரில் உள்ள உறவினரை அனுப்பலாம். ஆனால் “எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்” என்று சொன்னால், “நன்றாக இருக்கிறது” என்ற விடையே வரும். ஆறு கேள்விகளை எழுதிக் கொடுத்தால் ஆறு விடைகள் வரும். நம் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தில் அக்கல்லூரியில் பயின்ற பழைய மாணவர் எவரேனும் இருப்பர். சமீபத்தில் படித்தவராயின் அவர் சொல் மிகவும் பயனுள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவராயின் அவர் பாசத்தைக் கழித்துக்கொண்டு கேட்க வேண்டும். இப்போது படிக்கும் மாணவர் ஒருவருடன் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவதும் எளிதாகியுள்ளது.

சேர்ந்த பிறகு பொருந்தவில்லை என்று கண்டாலும் முற்றிலும் வழியில்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுதல் கூடாது. சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாட்கள் அல்லது அதற்கு முன்னரே விலகினால், சிறு கழிவு போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதன் பின், இறுதி நாளுக்குமுன் விலகினால் 90 விழுக்காடும், இறுதி நாளுக்குப் பின் 15 நாட்களுக்குள் 80 விழுக்காடும், 30 நாட்களுக்குள் 50 விழுக்காடும் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பின்வந்த ஆண்டுகளில் இதுபற்றித் தனி அறிவிப்புகளும் வந்துள்ளமையால், சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்பாதுகாப்பு பணத்திற்குத்தான். கடந்துபோன மாதங்களுக்கு அன்று.

சொன்னவற்றைத் தொகுத்து நோக்குவோம். நாம் காணப்போவது நம் முடிவை மாற்றக்கூடியதா என்பது முதற் கேள்வி. ஒரே ஒரு கல்லூரியில்தான் சேர முடியும் என்ற நிலையிலும், எப்படியிருந்தாலும் அங்கேதான் சேர்ப்போம் என்ற உறுதியிலும் இருப்பவர் பயணம் செல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தை முதல் பருவச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். நாம் அறிய விரும்புவதைக் கடிதமும் தொலைபேசியும் சொல்லிவிடுமா என்பது இரண்டாம் கேள்வி. சொல்லிவிடுமாயின் அதற்கும் பயணம் வேண்டாம். இரண்டு கல்லூரிகளுக்கிடையே மனம் ஊசலாடும்போதும், பிள்ளை முதன்முறையாக வீட்டை விட்டு விடுதிக்குச் செல்லும்போதும், கேள்விப்பட்டிராத புதிய கல்லூரி பெருந்தொகை கேட்கும்போதும் நேரில் காண்பது அவசியம். அங்கே பயணச் செலவு ஒரு காப்பீடு.

எல்லாவற்றிற்கும் மேலாக, யாருக்காகச் செல்கிறோம் என்பதையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. ஊரை விட்டு வந்தவர் நாம். நம் பிள்ளைகள் விட்டு வந்தவர்கள் அல்லர். அவர்களுக்குத் தமிழ்நாடு திரும்பிச் செல்லும் இடமாக இல்லாமல், புதிதாகப் புகும் இடமாகவே இருக்கக்கூடும். அதை அறிந்து, அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாமல், உடன் நடந்து சென்று காட்டுவோமாயின், அவர்கள் தேர்ந்தெடுப்பது டில்லியாயினும் திருச்சியாயினும் அது அவர்களுடைய தேர்வாக இருக்கும். தாமே தேர்ந்த இடத்தில் வரும் இடர்களைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வர். பிறர் தேர்ந்த இடத்தில் சிறு குறையும் பெரிதாகத் தோன்றும். இதை மனத்திற்கொண்டு இவ்வாண்டின் பயணத்தைத் திட்டமிடுவோமாக.